சாட்சி சொல்ல ஜெயிச்சவங்க மட்டும்தானா?

தலைப்பைப் பார்த்துட்டு ஏதோ கோர்ட் கேஸுன்னு நினைச்சு உள்ள வந்தவங்க அப்படியே உக்காருங்க. இதுவும் ஒரு வழக்குதான். பிரதிவாதி, நம்ம சபைகள்ல நடக்கிற 'சாட்சி நேரம்'. வாதி, அடியேன். ஆத்திகர், நாத்திகர், நடுவுல நிக்கிறவங்க எல்லாரும் படிக்கலாம். கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல இருந்து படிக்கிறவங்க மேனேஜர் எந்தப் பக்கம் இருக்காருன்னு ஒரு தடவை பாத்துக்குங்க :-)

சர்ச் பக்கம் போகாதவங்களுக்காக முதல்ல ஒரு விளக்கம். ஆராதனைக்கு நடுவுல, இல்லன்னா உபவாசக் கூட்டத்துல, 'சாட்சி சொல்றவங்க வரலாம்'னு கூப்பிடுவாங்க. கடவுள் தனக்கு என்ன செஞ்சாருன்னு எழுந்து சொல்றதுக்குப் பேர்தான் சாட்சி. நல்ல வழக்கம்தான். ஆனா இப்போ அந்த மைக்குல என்ன கேக்குது? போன வருஷம் வாடகை வீடு, இந்த வருஷம் சொந்த வீடு. பையனுக்கு மெடிக்கல் சீட்டு. பொண்ணுக்கு வெளிநாட்டு விசா. டூவீலர் போய் கார் வந்துச்சு. டாக்டர் கைவிரிச்சாரு, கர்த்தர் கைவிடலை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு அல்லேலூயா, ஒரு கைதட்டல். அடுத்தவர் வரலாம்.

"அடுத்தவன் நல்லா இருந்தா உனக்கு ஏன்யா வயித்தெரிச்சல்?"னு கேக்காதீங்க. வீடு கிடைச்சவர் நன்றி சொல்லட்டும், தாராளமா சொல்லட்டும். என் கேள்வி வேற. அதே சபைல, அதே மாதிரி உபவாசம் இருந்து, அதே மாதிரி முழங்கால் தேய ஜெபம் பண்ணி, சீட்டு கிடைக்காத பையன் எங்க உக்காந்திருக்கான்? ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ராத்திரி முழுக்க அழுது ஜெபிச்சும் புருஷனைப் பறிகொடுத்த அக்கா எந்தத் தூணுக்குப் பின்னாடி இருக்காங்க? அவங்க யாரும் சாட்சி சொல்லி நான் கேட்டதே இல்ல. யாரும் அவங்களைக் கூப்பிட்டதும் இல்ல.

கூப்பிடாம விட்டாக்கூடப் பரவாயில்ல. வீடு தேடி வந்து விசாரணை வேற நடத்துறாங்க. 'ஏதாவது மறைஞ்ச பாவம் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க', 'விசுவாசம் கொஞ்சம் குறைஞ்சிருக்கும்'. அடேங்கப்பா! யோபுவோட மூணு சிநேகிதர்களும் இதையேதான் சொன்னாங்க. கடைசில கடவுள் கோபப்பட்டது யோபு மேல இல்ல, இந்த மூணு பேர் மேலதான். புத்தகத்தைக் கடைசி வரைக்கும் படிச்சாத் தெரியும்.

என் கட்சியை ஒரே வரில சொல்லிடறேன். இந்த மண்ணுல கிறிஸ்தவ நம்பிக்கை வேர் பிடிச்சது தோத்தவங்களாலதான். தோத்த பிறகும் எழுந்து போயிடாம அங்கேயே நின்னவங்களால. அவங்க கதையை மேடைல இருந்து இறக்கிட்டு ஜெயிச்சவங்களை மட்டும் ஏத்தினா, முதல் அடி விழும்போதே சபை கலகலத்துப் போகும். வெறும் வசனம் பேசறதா நினைக்காதீங்க, நம்ம ஊர் வரலாற்றையே எடுத்து வைக்கிறேன்.

தரங்கம்பாடிலருந்து ஆரம்பிப்போம்.

1706 ஜூலைல சீகன்பால்கு அங்க வந்து இறங்கினப்போ அவருக்கு சுமார் 24 வயசு. அனுப்பினது டென்மார்க் ராஜா. 1708ல ஜெயில்ல போட்டது யாரு? அதே டென்மார்க் கம்பெனியோட கோட்டைத் தளபதி! ஒரு ஏழை விதவையோட கடன் தகராறுல அவளுக்காகப் பேசப் போனதுல வந்த வினை. நாலு மாசம் டேனிஷ் கோட்டைக்குள்ள அடைபட்டுக் கிடந்தார். வெளிய வந்து 1715ல தமிழ்ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சார். இந்திய மொழி ஒண்ணுல அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். 'ஆஹா, சாட்சி!'ன்னு கைதட்டிடாதீங்க, கதை இன்னும் முடியல.

தமிழ் மக்கள் கும்பிடற தெய்வங்களைப் பத்தி 1713ல ஒரு பெரிய புத்தகம் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்க ஹாலேல இருந்த அவரோட ஆசான் பிராங்கே அதை அச்சுல ஏத்தலை. உன்னை அனுப்பினது அந்த மதத்தை ஒழிக்கத்தான், அதைப் பத்தி ஐரோப்பாவுல பரப்புறதுக்கு இல்லைங்கிற தோரணைல பதில் போச்சு. புத்தகம் அச்சானது 1867ல. எழுதி நூத்தி ஐம்பது வருஷம் கழிச்சு, சென்னைல.

அதுக்கப்புறம் கோபன்ஹேகன்ல இருந்த மிஷன் சங்கத்துச் செயலாளர் வென்ட்னு ஒருத்தர் கடிதம் மேல கடிதமா எழுத ஆரம்பிச்சார். பள்ளிக்கூடம் எதுக்கு, கட்டடம் எதுக்கு, அச்சுக்கூடம் எதுக்கு? அப்போஸ்தலர்கள் மாதிரி கையில ஒண்ணுமில்லாம அலைஞ்சு பிரசங்கம் பண்ண வேண்டியதுதானே? சொகுசா நாற்காலில உக்காந்துக்கிட்டு அடுத்தவனுக்கு ஏழ்மையைச் சிபாரிசு பண்றது அப்பவே இருந்திருக்கு பாருங்க. உடம்பு நலிஞ்ச நேரத்துல இந்தக் கடிதங்களும் சேர்ந்து அவரை நொறுக்கிச்சு. 1719 பிப்ரவரில செத்துப் போனார். வயசு 36. பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோட நின்னு போச்சு. கூட வேலை பார்த்த குருண்ட்லரும் அடுத்த வருஷமே போயிட்டார்.

இப்போ சொல்லுங்க. 1719ல தரங்கம்பாடில ஒரு சாட்சி நேரம் வச்சிருந்தா சீகன்பால்குவுக்கு மைக் கிடைச்சிருக்குமா? அனுப்பின சங்கமே திட்டுது, எழுதின புத்தகம் அலமாரில தூங்குது, மொழிபெயர்ப்பு பாதில நிக்குது. 'பிரதருக்கு ஏதோ தடை இருக்கு, ஜெபிச்சுக்குவோம்'னு சொல்லிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்போம்.

'வெள்ளைக்காரத் துரைக்கு வக்காலத்தா?'ன்னு ஒருத்தர் கிளம்புவார்னு தெரியும். சரி, துரைமாரை ஓரமா வைப்போம். ராஜநாயக்கன் பேரைக் கேள்விப்பட்டிருக்கீங்களா? தஞ்சாவூர் படைல சிப்பாயா இருந்தவர். பறையர் சமூகம். சீகன்பால்கு செத்து சில வருஷம் கழிச்சு, அவர் அச்சடிச்ச தமிழ் நற்செய்தி இவர் கைக்கு வந்துச்சு. படிச்சு, தரங்கம்பாடி சபையோட சேர்ந்து உபதேசியார் ஆனார். பழைய சபைக்காரங்க பகைல குடும்பத்துக்கே ஆபத்து வந்துச்சு. அப்பவும் தஞ்சாவூர்ச் சீமைல ஊர் ஊரா நடந்து வேலை செஞ்சார்.

1741ல இரண்டாவது தமிழ் குருவுக்கு ஆள் தேடினாங்க. இவர் பேரும் அடிபட்டுச்சு. தகுதில குறையே இல்ல. ஆனா இவர் கையால நற்கருணை வாங்க மத்த சாதிக்காரங்க ஒத்துக்க மாட்டாங்கன்னு பயந்து வேற ஒருத்தருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்துட்டாங்க. கவனிங்க, தடுத்தது ராஜாவும் இல்ல, அந்நிய மதத்தானும் இல்ல. தன்னோட சொந்தச் சபை. ராஜநாயக்கன் என்ன செஞ்சார்? கோவிச்சுக்கிட்டுத் தனிச் சபை தொடங்கலை, வேலையையும் விட்டுடலை. கடைசி வரைக்கும் உபதேசியாராவே இருந்தார்.

இதை நான் 'பாருங்க, எவ்வளவு பொறுமை'ன்னு பாராட்டறதுக்காகச் சொல்லலை. தலைவர்கள் செஞ்சது அநியாயம். அவரோட பொறுமையைக் காட்டி அந்த அநியாயத்தை மூடக்கூடாது. ஆனா விசுவாசம்னா என்னன்னு எனக்கு யாராவது உதாரணம் கேட்டா கார் வாங்கினவரைக் காட்ட மாட்டேன், ராஜநாயக்கனைத்தான் காட்டுவேன். சபை அவருக்கு மனுஷ மரியாதையைக் கூட முழுசாக் கொடுக்கலை. ஆனாலும் தான் நம்பினது சபைத் தலைவர்களை இல்லைங்கிற தெளிவு அவருக்கு இருந்திருக்கு.

இன்னும் தெக்கால போவோம். குமரி மாவட்டம் மயிலாடி. அப்போ அது திருவிதாங்கூர்.

மகாராசன்னு ஒருத்தர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். திரும்பற வழில தஞ்சாவூர்ல கிறிஸ்தவம் பத்திக் கேட்டு, மனசு மாறி, ஞானஸ்நானம் வாங்கி வேதமாணிக்கமா ஊர் திரும்பினார். இது 1799. ஊருக்கு ஒரு போதகர் அனுப்புங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். ரிங்கல்தௌபே வந்து சேர்ந்தது 1806ல. ஏழு வருஷம்! அதுவரைக்கும் போதகரும் இல்ல, கோவிலும் இல்ல. சுத்தி இருந்தவங்க எதிர்ப்பு மட்டும் குறைவில்லாம இருந்துச்சு.

வந்த ரிங்கல்தௌபேயாவது வெற்றி வீரரா? அதுவும் இல்ல. 1797ல ஒரு தடவை கல்கத்தா வந்து, முடியாம கொஞ்ச நாள்லயே ஊருக்குத் திரும்பிப் போனவர் அவர். இரண்டாவது தடவை வந்து மயிலாடில 1809ல கோவில் கட்டினார். உடம்பும் மனசும் ஓய்ஞ்சு 1816ல கிளம்பிப் போனார். அதுக்கப்புறம் எங்க போனார், எங்க செத்தார், எங்க புதைச்சாங்கன்னு யாருக்கும் தெரியாது. கல்லறை கூட இல்லாத மனுஷன். அடுத்த மிஷனரி வர்ற வரைக்கும் சபையைத் தாங்கினது வேதமாணிக்கம். இன்னிக்குக் குமரி மாவட்டத்துல பாதித் தெருவுக்கு ஒரு சர்ச் இருக்குன்னா அதோட அஸ்திவாரத்துல கிடக்கிறது இந்த ரெண்டு பேர்தான். ஒருத்தர் காணாமலே போயிட்டார். இன்னொருத்தர் காத்துக்கிட்டே இருந்தார்.

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை, தோள்சீலைப் போராட்டம். நாடார் உட்பட பல சமூகத்துப் பெண்கள் மேல்சாதி ஆட்கள் முன்னாடி மார்பை மறைக்கக் கூடாதுங்கிற கேடுகெட்ட வழக்கம் அந்த ராஜ்யத்துல இருந்துச்சு. கிறிஸ்தவங்களா மாறின பெண்கள் குப்பாயம் போட்டுக்கலாம்னு 1814ல ஒரு ஆணை வந்துச்சு. ஆனா மேல்சாதிப் பெண்கள் மாதிரி தோள்சீலை போடக்கூடாது. 1822ல அடிதடி ஆரம்பிச்சுது. சந்தைல, வழில துணியை உருவிக் கிழிச்சாங்க. 1827லருந்து மறுபடியும் கலவரம். ஜெபவீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிஞ்சுது.

1829 பிப்ரவரி 3ஆம் தேதி ராணி கௌரி பார்வதி பாய் அரசு தீர்ப்புச் சொல்லிச்சு. தோள்சீலை போட உங்களுக்கு உரிமை இல்லை. அவ்ளோதான். கேஸ் தோத்துப் போச்சு.

அடுத்த ஆணை எப்போ வந்துச்சு தெரியுமா? இன்னொரு கலவரம் நடந்து முடிஞ்ச பிறகு, 1859 ஜூலை 26ல. அப்பவும் முழு உரிமை இல்ல. உடம்பை மூடிக்கலாம், ஆனா மேல்சாதிப் பெண்கள் உடுத்தற மாதிரி மட்டும் உடுத்தக்கூடாதுன்னு ஒரு வால் இருந்துச்சு அதுல.

1829க்கும் 1859க்கும் நடுவுல முப்பது வருஷம். ஒரு பெண் பிறந்து, வளந்து, கல்யாணம் ஆகி, புள்ளை பெத்து, அந்தப் புள்ளையும் பெருசாகிற அளவு காலம். அந்த முப்பது வருஷமும் ஞாயித்துக்கிழமை தோறும் அந்தப் பெண்கள் கோவிலுக்கு வந்தாங்க. எந்த 'வெற்றிச் சாட்சி'யைச் சொல்லி வந்திருப்பாங்க? சட்டம் எதிரா இருந்துச்சு, ஜெபத்துக்குப் பதில் வரலை. ஆனாலும் வந்தாங்க. தான் கடவுளோட சாயல்ல படைக்கப்பட்டவள்னு ஒருத்தி மனசுல ஒரு தடவை விழுந்துட்டா எந்த ராணி ஆணையாலயும் அதை உருவி எடுக்க முடியாது. நான் விசுவாசம்னு சொல்றது இதைத்தான்.

(உடனே 'எல்லாம் கிறிஸ்தவத்தால் வந்துச்சா?'ன்னு பாயாதீங்க. அதே சீமைல, அதே காலத்துல, கிறிஸ்தவரா மாறாத மக்களைத் தலைநிமிர்ந்து தலைப்பாகை கட்டச் சொன்னவர் ஐயா வைகுண்டர். அவரையும் அதே அரசாங்கம் சிறைல வச்சுது. சுயமரியாதை எங்க கம்பெனி தயாரிப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.)

சரி, பழங்கதை போதும். இந்தக் காலத்துக்கு வருவோம்.

இணையத்துல கிறிஸ்தவன்னு தெரிஞ்சா போதும், முதல்ல வர்ற வசவு என்ன? 'பால் பவுடருக்கும் கோதுமைக்கும் மாறினவன்தானே நீ!' இதுக்குப் பதில் வரலாற்றுலயும் இருக்கு, சட்டத்துலயும் இருக்கு. 1950ல வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதில பிறந்த ஒருத்தர் கிறிஸ்தவர்னு சொல்லிட்டா பட்டியல் சாதிக்கான உரிமைகள் போயிடும். சீக்கியர்களை 1956லயும் பௌத்தர்களை 1990லயும் திருத்தம் போட்டுச் சேர்த்துக்கிட்டாங்க. கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்க்கலை. இந்த மத நிபந்தனையையே எடுத்துடுங்கன்னு ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007ல சிபாரிசு பண்ணிச்சு. 2022ல பாலகிருஷ்ணன் கமிஷன்னு இன்னொண்ணு போட்டாங்க. கமிஷன்கள் வந்துக்கிட்டே இருக்கு.

தமிழ்நாட்டுல அவங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்ல வச்சிருக்காங்க. தனித் தொகுதில நிக்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தோட பாதுகாப்பு கிடையாது. சேரியை விட்டு ஒரு அடி நகராத ஆளுக்கு சட்டம் சொல்லுது, 'நீ மாறிட்டே, உனக்கு இப்போ சாதிக் கொடுமை கிடையாது'ன்னு. இதுல பால் பவுடர் எங்கய்யா வந்துச்சு? கணக்குப் போட்டா நஷ்டம்தானே வருது!

எங்க ஊர்ப் பக்கம் ஒரு அண்ணன் இருக்கார். பேர் வேண்டாம். நல்லாப் படிச்சவர். சின்ன வயசுல அரசு வேலைக்கு மனுப் போடற நேரத்துல, சான்றிதழ்ல 'இந்து'ன்னு போட்டுக்கோ, கோவிலுக்கு வர்றதை யார் பாக்கப் போறான்னு வீட்டுலயே சொன்னாங்க. இவர் மாட்டேன்னுட்டார். வேலை போச்சு. தனியார் பள்ளிக்கூடம் ஒண்ணுல சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தியே காலத்தை ஓட்டிட்டார்.

ஒரு நாள் கேட்டேன். "ஏண்ணே, ஒரு கையெழுத்துதானே?"

"அந்தக் கையாலதானடே ஞாயித்துக்கிழமை நற்கருணை வாங்குதேன்."

"வருத்தம் இல்லையாண்ணே?"

"இருக்குடே. ஏன் இல்லாம? பிள்ளையளுக்கு ஃபீஸ் கட்டும்போதெல்லாம் இருக்கும்."

சிரிக்கவும் இல்ல, பிரசங்கம் பண்ணவும் இல்ல. சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். (அவர் மாதிரி செய்யாம சான்றிதழ்ல வேற எழுதினவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. பசியையும் புள்ளைங்க படிப்பையும் தராசுல வச்சது அவங்க இல்ல, அந்த ஆணை.) இந்த அண்ணனை எங்க சபைல ஒரு தடவை கூட சாட்சி சொல்லக் கூப்பிட்டதில்ல. என்னன்னு கூப்பிடுவாங்க? 'இந்தச் சகோதரன் கர்த்தரை நம்பி வேலையை இழந்தார், கைதட்டுங்க'ன்னா?

இங்கதான் எனக்குக் கோபம் வருது. வெளிய இருந்து ஒருத்தன் 'காசுக்கு மாறினவன்'னு ஏசறான். நாம 'இல்லவே இல்லை'ன்னு சண்டைக்குப் போறோம். ஞாயித்துக்கிழமை வந்தா நாமளே மைக் வச்சு என்ன சொல்றோம்? இயேசுவை நம்புங்க, வீடு கிடைக்கும், கார் கிடைக்கும், விசா கிடைக்கும். ஏசறவன் சொன்னதை அப்படியே ஒத்துக்கிட்டு ரசீது போட்டுக் கொடுக்கிறோம்! அவனாவது பால் பவுடரோட நிறுத்தினான். நாம இன்னோவா கார் வரைக்கும் போயிட்டோம். அந்த அண்ணன் வாழ்க்கை முழுக்கக் கொடுத்த பதிலை, நம்ம மேடை அஞ்சு நிமிஷத்துல அழிச்சிடுது.

இன்னொண்ணையும் சொல்லிடறேன், திட்டு வாங்கறது உறுதி :-(

எதிர்ப்புன்னு நாம கத்துற எல்லாமே எதிர்ப்பு இல்ல. பரீட்சை நேரத்துல ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைங்கன்னு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா அது உபத்திரவம் கிடையாது. அவருக்கும் காது இருக்கு. 1999 ஜனவரில ஒரிசா மனோகர்பூர்ல கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவரோட ரெண்டு சின்னப் பசங்களையும் ஜீப்போட வச்சு எரிச்சாங்களே, அது உபத்திரவம். 2008ல கந்தமால்ல வீடு வீடா எரிச்சு ஆயிரக்கணக்கான ஏழை ஜனங்களைக் காட்டுக்குள்ள துரத்தினாங்களே, அது உபத்திரவம். ஸ்டெயின்ஸோட மனைவி கிளாடிஸ், கொன்னவங்களை மன்னிச்சிட்டேன்னு சொன்னாங்க. சொல்லிட்டு மூட்டை கட்டிப் போகலை. 2004 வரைக்கும் அங்கேயே இருந்து தொழுநோயாளிகளுக்கு வேலை செஞ்சாங்க. ஸ்பீக்கர் சண்டையையும் இதையும் ஒரே வார்த்தைல சொல்றவங்க, அந்த மரணங்களோட மதிப்பைக் குறைக்கிறாங்க.

அப்புறம் நம்ம வீட்டுக்குள்ள நாமளே வச்சிருக்கற எதிர்ப்பு? திருச்சில கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதி பிரிச்சுச் சுவர் கட்டினவங்க யாரு? செத்தவங்களுக்குக் கூடத் தனித்தனி வாசல்! 2008 மார்ச்ல எறையூர்ல தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டப்போ கலவரம் வெடிச்சு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. ரெண்டு தரப்பும் கிறிஸ்தவங்கதான். சபைக்குள்ள சாதி வேறுபாட்டை உடனே விட்டொழிக்கணும்னு பிஷப் டேனியல் வில்சன் 1833ல சுற்றறிக்கை அனுப்பினார். அதைக் கேட்டுட்டு தஞ்சாவூர்லயும் சென்னைலயும் சாதியை வச்சுக்கிட்டுச் சபையை விட்டு வெளியேறினவங்க நிறைய. ரெண்டு நூற்றாண்டு நெருங்குது. ராஜநாயக்கனைத் தடுத்த அதே கை இன்னும் ஓயலை.

வெளிய இருந்து வர்ற எதிர்ப்பை எதிர்த்து ஊர்வலம் போறதுக்கு நமக்கு எல்லா உரிமையும் இருக்கு. போகத்தான் வேணும். ஆனா போறதுக்கு முன்னாடி அந்தச் சுவரை ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. திருமண்டலத் தேர்தல் வந்தா கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலையற நாம, அரசியல்வாதி மாதிரி போஸ்டர் ஒட்டற நாம, 'உலகம் நம்மைப் பகைக்குது'ன்னு சொன்னா உலகம் சிரிக்குது.

ஒரு நண்பர் கேட்டார்: "தோல்வியையே பேசிக்கிட்டிருந்தா சபைக்கு யார் வருவா? ஜனங்களுக்கு நம்பிக்கை வேணாமா?" நியாயமான கேள்வி. நொந்து போய் வர்றவங்களுக்கு நாலு நல்ல வார்த்தை வேணும்தான். ஆனா நொந்து வந்தவர் அங்க கேக்கறது எல்லாமே அடுத்தவங்க ஜெயிச்ச கதைன்னா அவர் வீட்டுக்கு எதை எடுத்துக்கிட்டுப் போவார்? 'எனக்கு மட்டும்தான் நடக்கலை'ங்கிற ஒண்ணைத்தான். இன்னும் கொஞ்சம் நொந்து போவார். அப்புறம் கோவிலுக்கு வர்றதை நிறுத்திடுவார். நிறுத்தினவங்க எத்தனை பேருன்னு நம்ம சபைப் பதிவேட்டை எடுத்துப் பாத்தாத் தெரியும், ஆனா யாரும் எடுக்கறது இல்ல.

வேதத்துலயே இந்தக் கணக்கு தெளிவா இருக்கு. எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்கள் பட்டியல்னு சொல்லுவோம். சமுத்திரத்தைக் கடந்தவங்க, சிங்கத்தோட வாயைக் கட்டினவங்கன்னு முதல் பாதியை எல்லாப் பிரசங்கத்துலயும் கேக்கலாம். அதே அதிகாரத்தோட கடைசில வாளால அறுபட்டவங்க, கல்லெறி பட்டவங்க, ஆட்டுத்தோலைப் போத்திக்கிட்டுக் குகைல அலைஞ்சவங்க பட்டியலும் இருக்கே? அவங்களுக்கு வாக்குப் பண்ணினது கைக்கு வந்து சேரலைன்னு வெளிப்படையாவே எழுதியிருக்கே? அவங்களும் அதே பட்டியல்லதான் இருக்காங்க. பவுல் மூணு தடவை கேட்டும் முள் எடுபடலை. யோவான் ஸ்நானகன் ஜெயில்லயே தலையைப் பறிகொடுத்தார். இவங்களுக்கெல்லாம் மறைஞ்ச பாவம் இருந்துச்சா? இருந்தா ரெஃபரன்ஸ் சொல்லுங்க, படிச்சுக்கறேன்.

அதனால சபைப் பெரியவங்களுக்கு மூணே கோரிக்கை.

ஒண்ணு. பத்து சாட்சில ஒண்ணாவது ஜெபத்துக்கு இன்னும் பதில் வராதவங்க சொல்லட்டும். முடிவுல 'ஆனாலும் கர்த்தர் அற்புதம் செய்வார்'னு ஒட்டுப்போட்டு முடிச்சு வைக்காதீங்க. அப்படியே விடுங்க.

ரெண்டு. அடிபட்டவன் வீட்டுக்குப் போனா பாவத்தைத் தேடாதீங்க. கூட உக்காருங்க. யோபுவோட சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காம நல்லபடியாத்தான் உக்காந்திருந்தாங்க. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டுது.

மூணு. உள்ள இருக்கிற சுவரை இடிங்க. அதுக்கு ஜெபம் தேவையில்ல, கடப்பாரை போதும்.

இந்த டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைலயாவது அந்த அண்ணன் கைல மைக்கைக் கொடுக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். அவர் என்ன சொல்லுவார்னு தெரியாது. ஒருவேளை மாட்டேன்னுட்டு எழுந்து போயிடலாம். பேசினா அல்லேலூயா வராது, அமைதியாத்தான் இருக்கும். அந்த அமைதில, மெடிக்கல் சீட்டு கிடைக்காத பையன் தலை நிமிர்ந்து பாப்பான். எனக்கு அது போதும்.

பி.கு.: 'அப்போ கார் வாங்கினது தப்பா?'ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு முன்கூட்டியே பதில்: இல்லீங்க, நல்லா ஓட்டுங்க. மழை நாள்ல அந்த அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு வர்றதைப் பாத்தா கொஞ்சம் நிறுத்தி ஏத்திக்குங்க. அதையும் ஒரு நாள் சாட்சியாச் சொல்லலாம் :-)